தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவிட்டால் ரேபிஸ் ஒழிந்துவிடாதா?

ஒழியாது. கேட்கிறவர்களின் பயம் நியாயமானதுதான். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும், கிட்டத்தட்ட எல்லாம் நாய்க்கடியால். பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. இதெல்லாம் தெரிந்துதான் கொல்லவேண்டாம் என்கிறேன்.

வெறிபிடித்த ஒரு நாய் சராசரியாக ஒன்றிரண்டு நாய்களுக்குத்தான் நோயைக் கொடுக்கிறது. தட்டம்மை போல மளமளவென்று பரவுகிற நோய் இல்லை இது. அதனால் ஊரில் இருக்கும் நாய்களில் 70 சதவீதத்துக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டாலே பரவல் நின்றுபோகும்.

ஒரு தெருவில் பத்து நாய், ஏழுக்கு ஊசி போட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய்வண்டி வந்து ஐந்தைப் பிடித்துப் போகிறது. எந்த ஐந்து அகப்படும்? ஆளைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு வருகிற ஐந்து. ஊசிக்கும் அன்றைக்கு நின்று கொடுத்தவை அவைதான். இப்போது மிச்சம் ஐந்து, ஊசி போட்டவை இரண்டு. கொஞ்ச நாளில் புது நாய்கள் வந்து சேரும், குட்டிகள் பிறக்கும். எதற்கும் ஊசி இருக்காது. நாய்கள் குறைந்தும் தெரு முன்னைவிட ஆபத்தாகிவிட்டது.

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997க்குப் பிறகு நாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள்; நோய் போகவில்லை. 2008ல் பாலியில் ரேபிஸ் நுழைந்தபோதும் முதலில் கொல்லத்தான் செய்தார்கள். 2010ல் தீவு முழுக்க ஊசி போடத் தொடங்கிய பிறகுதான் சாவு குறைந்தது. மெக்சிகோ பல வருடம் விடாமல் நாய்களுக்கு இலவசமாக ஊசி போட்டது. நாய்வழி ரேபிஸால் மனிதர் சாவது அங்கே நின்றுவிட்டதென்று 2019ல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அப்படிச் சான்று பெற்ற முதல் நாடு அதுதான்.

நான் சில வருடங்களாக இந்த ஊசி முகாம்களில் தன்னார்வலராகப் போகிறேன். விடிகிற நேரத்தில் கிளம்புவோம். ஒருவர் வலையோடு, ஒருவர் ஐஸ் பெட்டியோடு, என் கையில் சாயம். ஊசி போட்ட நாயின் நெற்றியில் பச்சைக் கோடு இழுப்பது என் வேலை. மறுநாள் அதே தெருக்களில் நடந்து, கோடு உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ண வேண்டும். முதல் முகாமில் நூறு நாய்க்குமேல் போட்டுவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். மறுநாள் எண்ணினால் பத்துக்கு ஆறில்தான் கோடு இருந்தது. அழுகையே வந்துவிட்டது. மறுபடி வலையைத் தூக்கினோம்.

விட்டுப்போனவற்றில் பாதி குட்டிகள். மூன்று மாதம் ஆகவில்லையே என்று நாங்களே ஒதுக்கியவை. அது தப்பு. முகாமில் குட்டிகளுக்கும் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் தெருநாயின் ஆயுள் குறைவு, அடுத்த வருடம் அந்தத் தெருவில் திரியப்போவது அவைதான். ஓடாமல் நின்ற ஒரு லாரிக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். உள்ளங்கையில் அடங்குகிற சூடு. தாய் நாலடி தள்ளி நின்று உறுமிக்கொண்டே இருந்தது, கிட்டே வரவில்லை.

கருத்தடையும் தேவைதான். ஆனால் பலன் தெரிய வருடங்கள் ஆகும், அதுமட்டும் ரேபிஸை நிறுத்தாது. ஊசியை நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வரலாம்.

அப்புறம் ஒன்று. நாய் கடித்தால், கீறினாலும் சரி, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஊசி போடப் போங்கள். ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் (காயத்தைச் சுற்றிப் போடுகிற, உடனே வேலைசெய்யும் எதிர்ப்பு மருந்து) வேண்டும்; மருத்துவர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். நம் வீட்டு நாய்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.