முதல் புரோகிராமிங் பாடம்: பைத்தானா, சி-யா? – வாசகர் கேள்வி பதில்

பிளஸ் டூ தேர்வு முடிவுகளையொட்டி, கல்லூரியின் முதல் புரோகிராமிங் பாடம் பற்றிப் பல கடிதங்கள் வந்தன. அவற்றில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மகள் பொறியியல் கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறாள். ஒரு கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்கிறார்கள், இன்னொன்றில் சி. எதில் சேர்ப்பது நல்லது?
– ஒரு தந்தை, கரூர்

மொழியை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டுமே தன்னாட்சி இல்லாத, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் என்றால் பாடத்திட்டம் ஒன்றுதான். 2013 ரெகுலேஷனில் (பல்கலைக்கழகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் பாடத்திட்ட விதிமுறை) முதலாண்டில் சி இருந்தது. 2017 ரெகுலேஷன் முதல் செமஸ்டரைப் பைத்தானுக்கு மாற்றியது. 2021-லும் அதுவே தொடர்ந்தது. அதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுக்கு இரண்டாம் செமஸ்டரில் சி வந்தது. ரெகுலேஷன் மாறினால் இந்த வரிசையும் மாறலாம். அதனால் மகள் சேரும் ஆண்டுக்கு எந்த ரெகுலேஷன் பொருந்தும் என்று பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன.

வித்தியாசம் லேபில்தான் இருக்கிறது. 2021 ரெகுலேஷன்படி இந்தப் பாடத்துக்கு வாரம் 3 பீரியட் வகுப்பு, 4 பீரியட் லேப். அந்த 4 பீரியடில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அட்மிஷன் அலுவலகத்தில் கேட்டால் தெரியாது. அங்கே படிக்கும் இரண்டாமாண்டு மாணவர் இருவரிடம் கேளுங்கள். ஒருவருக்கு ஒரு கம்ப்யூட்டரா, மூன்று பேர் சேர்ந்து உட்கார்கிறார்களா? புரோகிராமை மாணவர்களே யோசித்து எழுதுகிறார்களா, அப்சர்வேஷன் நோட்டில் எழுதித் தந்ததை அப்படியே டைப் செய்து அவுட்புட் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்களா? எழுதியதைப் படித்துப் பார்த்து, இந்த வரி ஏன் இங்கே என்று கேட்க ஆள் உண்டா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். டைப் செய்து கையெழுத்து வாங்கிப் பழகியவர் பத்துப் பன்னிரண்டு புரோகிராம்களை மனப்பாடம் செய்து தேர்விலும் தேறிவிடுவார். கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. அந்தக் குறை இரண்டாமாண்டில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் அரியராகத் தலைகாட்டும். லேப் ஒழுங்காக நடக்கிற கல்லூரியில் சி-யில் தொடங்கினாலும் உங்கள் மகள் நன்றாகவே கற்றுக்கொள்வாள்.

பிளஸ் டூவில் பைத்தான் படித்தேன். இப்போது கல்லூரியில் சி. ஃபேக்டோரியல் புரோகிராமில் 7 வரை விடை சரியாக வருகிறது. 8 கொடுத்தால் -25216 என்று வருகிறது. பெரிய எண் கொடுக்காதே என்கிறார்கள். ஏன் இப்படி?
– முதலாமாண்டு மாணவர், நாகர்கோவில்

உங்கள் லேபில் இருப்பது டர்போ சி. விடையே அதைச் சொல்லிவிடுகிறது. அதில் 'இன்ட்' என்ற முழு எண் வகை 16 பிட். -32768 முதல் 32767 வரைதான் கொள்ளும். 7-இன் ஃபேக்டோரியல் 5040, அது அடங்கிவிடும். 8-க்கு 40320. அது எல்லையைத் தாண்டியதும் 65536 கழிந்து -25216 ஆகிவிடுகிறது. பள்ளியில் இதை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பைத்தானில் முழு எண்ணுக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. நினைவகம் இருக்கும்வரை எண் வளரும்.

ஜிசிசி போன்ற இன்றைய கம்பைலரில் (எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) 'இன்ட்' பொதுவாக 32 பிட். அங்கே 12 வரை சரியாக வரும்: 479001600. 13 கொடுத்தால் 6227020800 வர வேண்டிய இடத்தில் 1932053504 வரும். இதுதான் அதிக ஆபத்து. கழித்தல் குறி வந்தால் தவறு என்று உடனே தெரிந்துவிடும். கூட்டல் எண்ணாக வந்தால் சரியென்று நம்பி நோட்டில் எழுதிவிடுவோம். 'லாங் லாங்' வகை வைத்தால் 20 வரை தாங்கும்.

டர்போ சி டாஸ் காலத்து மென்பொருள். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் ஜிசிசி நிறுவிக்கொள்ளுங்கள். பழைய புரோகிராமைக் கொண்டுபோகும்போது திரையைத் துடைக்கும் 'கிளியர் ஸ்கிரீன்' வரியையும், கடைசியில் நிறுத்திவைக்கும் 'கெட்-சிஎச்' வரியையும், அவற்றுக்கான கோனியோ ஹெடரையும் நீக்குங்கள். 'வாய்ட் மெயின்' என்பதை 'இன்ட் மெயின்' ஆக்குங்கள். எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லியே கம்பைல் செய்யுங்கள்.

பைத்தானிலிருந்து வருபவர் சி-யில் இடறும் இடங்கள் தெரிந்தவைதான். 7/2 பைத்தானில் 3.5, சி-யில் 3. உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் மாறியின் (வேரியபிள்) முன் & விட்டுப்போனால் பெரும்பாலும் ஓடும்போது புரோகிராம் நின்றுவிடும். 'இஃப்' அடைப்புக்குள் == என்பதற்குப் பதில் = போட்டால் பைத்தான் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். சி-யோ அதை மதிப்பு கொடுப்பதாக எடுத்துக்கொண்டு ஓடும். & விடுபட்டதையும் இந்த = குழப்பத்தையும் எச்சரிக்கை செய்தி காட்டிக்கொடுக்கும். 10 இடம் உள்ள அர்ரேயில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் அமைப்பு) 11-ஆவது இடத்தை எழுதினால் பைத்தான் பிழை காட்டி நிறுத்தும். சி பெரும்பாலும் சத்தமில்லாமல் பக்கத்து மாறியைக் கெடுத்துவிடும். பிழை ஓரிடத்தில் இருக்க, விளைவு வேறிடத்தில் தெரியும். மணிக்கணக்கில் தேட வைப்பது இதுதான்.

நான் பயோ-மேத்ஸ் குரூப், தமிழ் வழி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு கிடைக்கும்போல் இருக்கிறது. கல்லூரி திறக்க இரண்டு மாதம் உள்ளது. சமாளிக்க முடியுமா? வீட்டில் போன் மட்டும்தான்.
– மாணவி, தென்காசி

முடியும். பாடத்திட்டம் அல்காரிதம், ஃப்ளோசார்ட் என்று அடியிலிருந்தே தொடங்குகிறது. பள்ளியில் படித்தவர்கள் முதல் சில வாரம் முன்னால் இருப்பார்கள். அந்த முன்னிலை பெரும்பாலும் டைப்பிங் வேகமும் பிழைச் செய்தியைக் கண்டு பயப்படாத பழக்கமும்தான்.

போனில் பிரவுசர் வழியாகவே பைத்தான் ஓட்டலாம். கூகுள் கொலாப் போதும். 'பைத்தான் டியூட்டர்' என்ற இலவசத் தளம் ஒவ்வொரு வரி ஓடும்போதும் எந்த மாறியில் என்ன மதிப்பு என்று படமாகக் காட்டும். கம்ப்யூட்டர் கிடைத்ததும் தானி என்ற மென்பொருளை நிறுவுங்கள். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்க மாணவர்களுக்கென்றே உருவானது; பைத்தானும் அதனுடனேயே வந்துவிடும்.

தினம் ஒரு மணி நேரம். 20 நிமிடம் பார்ப்பது, 40 நிமிடம் தானே எழுதுவது. இந்த விகிதத்தை மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் மாறி, இன்புட், பிரிண்ட். அடுத்த வாரம் 'இஃப்'. பிறகு இரண்டு வாரம் முழுக்க 'வைல்', 'ஃபார்' என்ற லூப்கள் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவை) மட்டும். மீதி நாள்கள் ஃபங்ஷனுக்கும் லிஸ்ட்டுக்கும். லூப்பில் வேகமாகப் போனவர்கள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு லூப்பையும் ஓட்டும் முன் தாளில் கட்டம் போடுங்கள்: மாறிக்கு ஒரு பத்தி, சுற்றுக்கு ஒரு வரிசை. விடையை எழுதிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். பொருந்தாத வரிசையில்தான் உங்கள் குழப்பம் இருக்கிறது.

முதல் வாரமே ஒன்று நடக்கும். 5, 3 கொடுத்துக் கூட்டச் சொன்னால் 53 வரும். 'இன்புட்' தருவது எழுத்துச்சரம். 'இன்ட்' போட்டு எண்ணாக்க வேண்டும். பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். பிழையின் வகை அங்கேதான் இருக்கும். ஆங்கிலம் தடையாகத் தோன்றினால், திரும்பத் திரும்ப வரும் பிழைகளின் பெயரைத் தமிழ் விளக்கத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பத்துப் பெயர்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எங்கள் கல்லூரியில் பிசிஏ முதல் தாளை சி-யிலிருந்து பைத்தானுக்கு மாற்ற யோசிக்கிறோம். உலகமே பைத்தானுக்குப் போய்விட்டது என்பது மட்டும் போதுமான காரணமா?
– பாடத்திட்டக் குழு உறுப்பினர், கோவை மாவட்டம்

போதாது. 2014-இல் அமெரிக்காவின் முன்னணி 39 கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைகளைப் பார்த்தபோது 27 துறைகள் தொடக்கப் பாடத்தில் பைத்தானைப் பயன்படுத்தின. அது உண்மை. ஆனால் மாறியவர்கள் மொழியை மட்டும் மாற்றவில்லை. எம்ஐடி 1980-களிலிருந்து ஸ்கீம் மொழியில் நடத்திய புகழ்பெற்ற பாடத்தை விட்டுப் பைத்தானுக்கு வந்தபோது, ரோபோட்டை இயக்கும் பயிற்சிகளோடு பாடத்தையே புதிதாக அமைத்தது. பெர்க்லி பைத்தானுக்கு வந்த பின்னும் அதே பாடத்துக்குள் ஸ்கீமையும் வைத்திருக்கிறது. ஹார்வர்டின் தொடக்கப் பாடம் முதலில் ஸ்கிராட்ச் (கட்டளைக் கட்டங்களை இணைத்துப் புரோகிராம் செய்யும் மொழி), பிறகு பல வாரம் சி, அதன் பின்னரே பைத்தான். மும்பை ஐஐடி-யில் சி++ உடன் படம் வரையும் எளிய நூலகம் ஒன்றைச் சேர்த்து நடத்தினார்கள். சென்னைக் கணிதவியல் நிறுவனம் ஹாஸ்கெல் என்ற மொழியில் தொடங்கியது. பள்ளியில் சி++ படித்தவரும் படிக்காதவரும் அங்கே ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறார்கள். முதலில் எதைக் கற்பிப்பது என்று தீர்மானித்து, அதற்கேற்ற மொழியைப் பிறகு எடுத்தார்கள். உங்கள் குழுவும் அந்த வரிசையில் போவதே சரி.

பைத்தானுக்கு மாறுங்கள் என்றே சொல்வோம். ஆனால் பழைய சி பயிற்சிப் பட்டியலை மொழிபெயர்த்தால் பாடம் வெறுமையாகிவிடும். '10 எண்களை வரிசைப்படுத்து' என்பது சி-யில் ஒரு லேப் வகுப்பு. பைத்தானில் 'சார்ட்' என்று ஒரே வரி. தடை போடுவதைவிடப் பெரிய கணக்கைக் கொடுப்பது நல்லது. ஒரு கோப்பைப் படித்து எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது, ஓராண்டு மழையளவிலிருந்து மாதச் சராசரி எடுப்பது போன்றவை எட்டாவது வாரத்திலேயே சாத்தியம்.

ஃபங்ஷனை மூன்றாம் யூனிட்டுக்குத் தள்ளாதீர்கள். நான்காவது வாரத்துக்குள் வந்துவிட வேண்டும், அதன் பிறகு எல்லாப் பயிற்சியும் ஃபங்ஷனாகவே எழுதப்பட வேண்டும். ஒரு லிஸ்ட்டை இன்னொரு பெயருக்குக் கொடுத்தால் நகல் உண்டாவதில்லை, இரண்டு பெயரும் ஒரே லிஸ்ட்டையே சுட்டும் என்பதைப் பலகையில் படம் போட்டுக் காட்டுங்கள். ஒரு வரிசை லிஸ்ட்டை 3-ஆல் பெருக்கி 3x3 அணி உருவாக்கும் மாணவர், ஒரு கட்டத்தை மாற்றினால் மூன்று வரிசையும் மாறுவதைக் கண்டு திகைப்பார். இதை விளக்காமல் விட்ட வகுப்பில் பைத்தான் எளிது என்ற பேச்சு ஆறாவது வாரத்தோடு முடிந்துவிடும்.

இரண்டாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் சி-யிலேயே தொடரும் என்றால், பாயின்டருக்கும் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) நினைவகத்துக்கும் குறைந்தது நான்கு வாரம் தனியாக ஒதுக்குங்கள். இல்லையேல் லிங்க்டு லிஸ்ட் வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். இடம் கிடைத்தால் சி-யை இரண்டாவது தாளாக வையுங்கள்.

வினாத்தாளும் மாற வேண்டும். 'பைத்தானின் சிறப்பியல்புகளை எழுதுக' என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியால் யாரும் புரோகிராம் எழுதக் கற்பதில்லை. பத்து வரி கொடுத்து அவுட்புட் கேளுங்கள், பிழையுள்ள வரியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கலைத்துப்போட்ட வரிகளை ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். லேப் தேர்வில் இரண்டு சோதனை உள்ளீடுகளைக் காட்டி ஐந்தை மறைத்து வையுங்கள்: சுழியம், குறை எண், வெற்று லிஸ்ட், ஒரே உறுப்பு, மிகப் பெரிய எண்.

லேப் கையேட்டில் 'பிரிண்ட்' அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் கையேட்டை அப்படியே பயன்படுத்த வேண்டாம்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? தமிழ் உரையைப் பயிற்சிகளில் பயன்படுத்த முடியுமா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

பைத்தான் 3-இல் 'விலை', 'மொத்தம்' என்றே மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே வேண்டும் என்றால் எழில் என்ற திறமூல மொழி இருக்கிறது. கருத்துகளை அறிமுகப்படுத்த அது பயன்படும். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பைத்தானோ சி-யோ தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் உரை நல்ல பயிற்சி. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. ம-வுக்கான இகரக் குறியையும் ழ-வின் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் வைத்த அதே சொல்லை சி-யில் அளந்தால் 15 பைட். சொல்லைத் தலைகீழாக்கினால் புள்ளி முதலில் வந்து தனியே நிற்கும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் சொல்லை த, மி, ழ் என்று மூன்றாகவே பிரித்துத் தரும். மாணவர்களை முதலில் நூலகம் இல்லாமல் பிரிக்கச் சொல்லுங்கள்: அடுத்து வருவது உயிர்மெய்க் குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு சேர், இல்லையென்றால் புது எழுத்தைத் தொடங்கு. ஒரு லூப்பும் ஒரு 'இஃப்'-ம் போதும். முடித்ததும் 'பாலாறு', 'கௌரி', 'ஃபைல்' ஆகிய சொற்களை உள்ளீடாகக் கொடுத்துச் சோதியுங்கள்.