மனுவில் கையெழுத்திடும் முன்

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் பாலியல் வன்முறை இடம்பெறும் நாவல் ஒன்றைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்ததாகவும், அதை அங்கிருந்தே அகற்றக் கோரும் மனுவில் கையெழுத்திடுமாறு மற்ற பெற்றோர் உங்களைக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால், உங்கள் மகள் எதைப் படிக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்வது வேறு. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து முடிவு செய்வது வேறு. பள்ளி நூலகத்திலிருந்து நூல்களை அகற்றியது குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1982ஆம் ஆண்டு முடிவான பிக்கோ வழக்கில் நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்புரை, கட்டாயப் பாடத்தையும் மாணவர் தாமே விரும்பி எடுக்கும் நூலகப் புத்தகத்தையும் பிரித்தே பார்த்தது. கல்விக்குப் பொருந்தாத நூலை அகற்றலாம், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அகற்றக் கூடாது என்றது.

மனுவோடு சுற்றுக்கு வந்த ஒற்றைப் பக்க நகலை வைத்து முடிவெடுக்காமல், நாவலை முழுவதும் படியுங்கள். நான் பள்ளி நூலகத்தில் பணியாற்றியபோது, இத்தகைய நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்த மாணவி ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தாள். அது வன்முறை நடக்கும் பக்கமன்று. பாதிக்கப்பட்ட பெண் தன் தாயிடம் முதன்முதலாக வாய்திறக்கும் பக்கம். அந்த மடிப்பை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

படித்த பிறகு, எந்த இடத்தில் அவளுக்குப் படிக்கச் சிரமமாக இருந்தது என்று மகளிடம் கேளுங்கள். அவளுக்கு இப்போது வேண்டாம் என்று தோன்றினால், அவளுக்கு மட்டும் அந்நூலை வழங்க வேண்டாம் என்று நூலகரிடம் எழுதிக் கொடுங்கள்.