ஸ்டோர் ரூமிலேயே கழியும் பயிற்சிக் காலம்

ஆறு மாதத் தொழிற்பயிற்சியில் ஏழு வாரம் ஸ்டோரில் உதிரிபாகம் எண்ணியே போய்விட்டது, பராமரிப்புப் பக்கம் விடவே இல்லை, லாக்புக்கில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யாத வேலையை மட்டும் எழுதிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். (நான் மாட்டியிருக்கிறேன்.)

பயிற்சி ஒப்பந்தத்தில் பொதுவாக நீங்கள் கற்க வேண்டிய திறன்கள் எழுதப்பட்டிருக்கும். தொடாதவற்றைக் குறித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போங்கள். புகாராகச் சொல்ல வேண்டாம். "வாரம் ஒரு நாள் பராமரிப்புக் குழுவோடு நிற்கட்டுமா, கருவி எடுத்துக் கொடுக்கிறேன்" என்று கேளுங்கள். பல நேரம் அவருக்கு அந்த ஒப்பந்தம் நினைவிலேயே இருக்காது. பத்து நாளில் மாற்றமில்லையா, கல்லூரி ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், ஸ்டோரை மட்டமாக நினைக்காதீர்கள். அங்கே கற்கவும் விஷயம் இருக்கிறது. 6205 என்று எண் போட்ட பேரிங்கை (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) எடுங்கள்: கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 25 மி.மீ. 6204 என்றால் 20. எந்த பேரிங் சீக்கிரம் தீர்கிறது என்று பதிவேட்டில் பாருங்கள். எந்த இயந்திரம் அடிக்கடி படுத்துவிடுகிறது என்பது அங்கேயே பிடிபடும். ஏன் என்று பராமரிப்பு ஆட்களிடம் கேட்டு, அதை லாக்புக்கில் எழுதுங்கள்.