வெண்கலத்தில் விழித்திருக்கும் முகம்

கேள்வி: பண்டைய சீன வெண்கலக் கலங்களில் அச்சமூட்டும் விலங்கு முகம் இருக்கிறதே, அதில் அழகு எங்கே இருக்கிறது?
– வாசகி, திருச்சி

பதில்: சீனாவை ஆண்ட ஷாங் அரசகுலத்தின் காலத்தில், முன்னோருக்கு உணவும் மதுவும் படைக்கும் சடங்குகளுக்காக வார்க்கப்பட்ட கலங்கள் இவை. 'தாவ்தியே' என்று பிற்காலத்தார் பெயரிட்ட அந்த முகத்தின் ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள்; எஞ்சியிருப்பது பக்கவாட்டில் நிற்கும் ஒரு முழு விலங்கு. கையை எடுத்தால், இரு விலங்குகளும் நடுக்கோட்டில் சந்தித்து நம்மை நேரே நோக்கும் ஒரே முகமாகிவிடுகின்றன. களிமண் அச்சுத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி உலோகத்தை ஊற்றியதால், துண்டுகள் சேரும் கோட்டையே முகட்டுப் பட்டையாக்கி அணிசெய்த அந்தக் கைத்திறனே எனக்குப் பேரழகாகப் படுகிறது. ஷாங் தலைநகராயிருந்த அன்யாங்கில் 1939-இல் கிடைத்த நாற்கால் கலம் ஒன்றின் எடை மட்டும் 832.84 கிலோ!

இக்கலங்கள் ஆட்சியுரிமையின் அடையாளமாகவும் விளங்கின. கி.மு. 606-இல் சூ நாட்டு மன்னன் ஷாங்குக்குப் பின் ஆண்ட சோ அரசகுலத்தின் ஆட்சியுரிமைச் சின்னமான ஒன்பது கலங்களுடைய எடையை, அவற்றின் மீது ஆசைகொண்டவனாய் வினவியபோது, அரசுரிமை அறத்தைச் சார்ந்தது, கலங்களைச் சார்ந்ததன்று எனச் சோ அரசரின் தூதர் வாங்சுன் மான் விடையளித்ததாகச் சீன வரலாற்று நூல் கூறுகிறது.

இன்று நாம் ரசிக்கும் பச்சை நிறம் களிம்பு ஏறியதால் வந்தது; வார்த்த புதிதில் அவை பொன்போல் பளபளத்தன.