பழைய கேம் டிஸ்க்குக்குக் கடையில் ஏன் இவ்வளவு குறைவாகத் தருகிறார்கள்?

ஆடி முடித்த பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 என்னும் கேம் கருவி) டிஸ்க்குகளைப் பெரம்பூரில் கடையில் கொடுத்தால் பாதி விலைகூடக் கிடைக்கவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். விற்கும்வரை கடைக்காரரின் பணம் அலமாரியில் முடங்கிக் கிடக்கும். அதற்குள் அதே கேம் ஆன்லைனில் தள்ளுபடிக்கு வந்துவிட்டால் நஷ்டம் அவருக்கு. அதனால்தான் பெரும்பாலும் பணமாகக் கேட்டால் குறைவு, வேறு கேமுக்கு ஈடாகக் கேட்டால் கொஞ்சம் கூடுதல்.

ஆண்டுதோறும் வரும் ஃபுட்பால் கேமை மட்டும் தேக்கி வைக்காதீர்கள். அடுத்த பதிப்பு வந்ததும் சீந்த ஆள் இருக்காது. என்னுடையது ஒன்று தண்டையார்பேட்டை வீட்டில் டீ கிளாஸ் வைக்கத்தான் உதவுகிறது. மற்ற பிஎஸ்4 டிஸ்க்குகளுக்கு இன்னும் மவுசு உண்டு, டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5-இலும் பெரும்பாலானவை ஓடுமே. அப்புறம், டிஜிட்டலாக வாங்கியதைக் கடையில் மாற்ற முடியாது. அது உங்கள் கணக்கோடு கட்டுப்பட்டது.