தலையாட்டும் விடுதிக்காரர்களைச் செயலில் இறக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் சுற்றுலாத் தலத்தில் விடுதிக்காரர்கள், படகுக்காரர்கள் எல்லாரும் உள்ள சங்கத்துக்கு நான் செயலாளர். சுற்றுச்சூழல் கருத்தரங்கு நடத்தினோம், உறுதிமொழி எடுத்தோம். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒன்றும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உறுதிமொழியை விட்டுவிட்டு மீட்டரைப் பிடியுங்கள். அறை நிரம்புமா என்ற கவலையில் இருப்பவரிடம் பூமியைக் காப்பாற்றுவோம் என்றால் காதில் ஏறாது. மாத பில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். ஓர் அறைக்கு ஓர் இரவில் எத்தனை லிட்டர், எத்தனை யூனிட் போகிறது என்பது பெரும்பாலும் தெரியாது. மாதத்தின் மொத்தப் பயன்பாட்டை, அந்த மாதம் எத்தனை அறைகள் எத்தனை இரவு நிரம்பினவோ அந்த எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லுங்கள். சீசனையும் ஆள் வராத மாதத்தையும் ஒப்பிட அப்போதுதான் முடியும்.

அப்புறம் ஷவர். அடியில் வாளியை வைத்து, முழுதாகத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பிடியுங்கள். பழைய ஷவர் சிலவற்றில் 15 லிட்டருக்கு மேல் கொட்டும்; சிக்கன ஷவரில் 9 லிட்டருக்குள் முடியும். வெந்நீர் குறைந்தால் சூடாக்கும் செலவும் குறையும். இதை உரிமையாளர் கண்ணெதிரே செய்யுங்கள், மேற்கொண்டு பேச வேண்டியிருக்காது.

எல்லாரையும் ஒரே நாளில் இழுக்கப் பார்க்காதீர்கள். ஆர்வமுள்ள நாலைந்து பேர் முதலில் செய்யட்டும். மிச்சப்பட்ட கணக்கைச் சங்கக் கூட்டத்தில் அவர்களே சொல்லட்டும். சக தொழில்காரர் சொல்லுக்கு உள்ள மதிப்பு நிபுணர் சொல்லுக்குக் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். விருந்தினர்களும் அப்படியே. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சுற்றுச்சூழலுக்காகத் துண்டை மறுபடி பயன்படுத்தக் கேட்ட அட்டைக்குச் சுமார் 37 சதவீதம் பேர் இணங்கினார்கள். இதே அறையில் தங்கிய பெரும்பாலோர் அப்படிச் செய்தார்கள் என்ற அட்டைக்குச் சுமார் 49 சதவீதம். ஆனால் கொடியில் மாட்டிய துண்டையும் துப்புரவுப் பணியாளர் எடுத்துப்போய்த் துவைக்கப் போட்டால் எந்த அட்டையும் வீண். முதல் பயிற்சி அவர்களுக்குத்தான் வேண்டும். கருத்தரங்குக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை!

தனி ஆளால் முடியாததைச் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷாம்பூ பாக்கெட்டுக்குப் பதிலாகச் சுவரில் மாட்டும் டிஸ்பென்சரை மொத்தமாக வாங்கினால் சின்ன விடுதிக்கும் கட்டுப்படியாகும். பவளப்பாறை உள்ள கடல் என்றால், படகுக்காரர்கள் போடும் நங்கூரம் பாறை மேல் விழுந்தால் அது நொறுங்கும். உரிய அனுமதியோடு நிரந்தர மிதவைகளைப் பதித்து, படகுகளை அவற்றில் கட்ட வைக்கலாம்.

பசுமைச் சான்றிதழுக்கு அவசரம் வேண்டாம். ஒரு வருடக் கணக்காவது கையில் இருக்கட்டும். உலகளாவிய நிலைத்த சுற்றுலா மன்றத்தின் (GSTC) அளவுகோல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அந்த மன்றம் நேரடியாகச் சான்று தருவதில்லை, வேறு அமைப்புகள்தான் தருகின்றன. அதனால் பணம் கட்டும் முன், உங்களிடம் வரும் அமைப்புக்கு மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.