பதில்: சரித்திர நாவலைத் தாண்ட முடியவில்லை

பத்து வருடமாகச் சரித்திர நாவல் மட்டுமே படிப்பதாகவும், புத்தகம் வாங்கும் செயலி பரிந்துரைப்பதும் அதே சோழர், பாண்டியர்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் வாங்கியதைப் பார்த்துத்தானே அது நீட்டுகிறது!

மதுரைக்காரர் என்கிறீர்களே, புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். நாவல் அடுக்குப் பக்கமே போகாதீர்கள். நாவலில் உங்களுக்கு எது பிடித்தது என்று யோசியுங்கள். கப்பல் காட்சிகளா? நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி பகுப்பு முறையில் கப்பல் போக்குவரத்து 387. நாணயம், முத்திரை என்றால் 737. அரண்மனைச் சமையலில் நாக்கு ஊறியதா, 641. ஊர் சுற்றுவது 910, வாழ்க்கை வரலாறு 920. தேடிப்போன புத்தகத்தைவிட அதற்கு இடமும் வலமும் இருப்பவைதான் பல நேரம் மாட்டும். நான் தாவரவியலுக்குள் (580) விழுந்தது அப்படித்தான், மூலிகை தேடிப் போய்!

இன்னொன்று, வாசகர்கள் திருப்பிக் கொடுத்து, அடுக்கில் வைக்கக் காத்திருக்கும் புத்தகக் குவியல். எல்லா வகையும் கலந்து கிடக்கும். எனக்கு அதுதான் முதல் நிறுத்தம்.

காசு செலவில்லாமல் பழைய நூல்கள் வேண்டுமென்றால் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் (Project Madurai) மின்னூல்கள் இருக்கின்றன.

முப்பது பக்கத்தில் ஒட்டவில்லையா, மூடிவிடுங்கள். கப்பலா நாணயமா என்று சொன்னால் நானும் தேடிப் பார்க்கிறேன்.